ஆறு மாதப் பளபளப்பு

காலையில் என் வீட்டுக்காரருக்குச் சட்டை மாட்டிவிடுவது என் வேலை. சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரிதான். முதலில் வலது கையை மெதுவாக நுழைக்க வேண்டும், பிறகு இடது கை. வலது கையை அவரால் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தூக்கினால் முகம் கோணிக்கொள்ளும், ஆனால் வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார். சொன்னால் நான் கத்துவேனாம். சொல்லாவிட்டாலும் கத்தத்தான் போகிறேன், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் அது மட்டும் அவருக்குப் புரியவில்லை.

அவர் கார் கழுவுகிறவர். பெட்ரோல் பங்கின் பின்பக்கம் இரண்டு கார் நிற்கிற அளவுக்குத் தகரக் கூரை போட்ட ஷெட். தரையெல்லாம் சோப்பு நுரை. ஓரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த சின்ன அறை, அதில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். வருகிற வண்டிக்கு என்ன வேலை என்று கேட்டுச் சொல்கிற கவுண்டர் அது. அதற்கு உள்ளே முதலாளியின் அறை. ஷெட்டில் என் வீட்டுக்காரரும், முதலாளியின் மனைவியுடைய தம்பியும் வேலை செய்தார்கள். அந்தத் தம்பியை முதலாளி மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவன் மச்சானாகிவிட்டான். கல்யாணம் ஆகாத பெண்கள்கூட அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் கூச்சமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பான்.

வெறும் கழுவல் என்றால் என் வீட்டுக்காரரின் தோள் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. கடையின் பேரே ஸ்ப்ரே கோட்டிங்கில்தான் இருந்தது, காருக்குப் போடுகிற பளபளப்புப் பூச்சு. வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு. ஒரு பக்கம் பளபளவென்று ஒரு கார், அதன் மேல் முத்து முத்தாகத் தண்ணீர், கீழே “ஆறு மாதப் பளபளப்பு, உத்தரவாதம்” என்று எழுத்து. காரைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ப்ரேயைப் பீச்ச வேண்டும். ஒரு துணியால் அதைப் பரப்பி, இன்னொரு துணியால் திட்டு விழாமல் துடைத்து எடுக்க வேண்டும். கதவுகள் பரவாயில்லை. பானெட்டும் பரவாயில்லை. தலைக்கு மேல் இருக்கிற பகுதிதான் ஆளைக் கொல்கிறது. அதை அவர்கள் டாப் என்பார்கள். எட்டி, கையை நீட்டி, நீட்டிய கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இந்தக் காலத்துக் கார்கள் ஒவ்வொன்றும் வீடு மாதிரி உயரமாக இருக்கின்றன.

எல்லாம் சரி, அந்தப் பளபளப்பு ஆறு மாதம் நிற்குமா என்று கேட்டால், நிற்காது. கூரைக்கு அடியில் நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்து, பூப்போலக் கழுவுகிறவர்களுக்கு ஒருவேளை நிற்கலாம். அப்படிக் கார் வைத்திருக்கிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. தினமும் வேலைக்குப் போய், வெயிலில் காய்ந்து, சேற்றில் புரண்டு, காக்கை எச்சம் வாங்கி, கையில் கிடைத்த சோப்பால் தேய்க்கப்படுகிற காரில் இரண்டு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். முதலில் பானெட் போகும், அடியில் இன்ஜின் சூடு இருக்கிறதே. அடுத்தது டாப். சக்கரத்துக்கு மேலே கல்லும் மண்ணும் அடிக்கிற இடமும் சீக்கிரம் போய்விடும். கதவுகளில் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோட்டிங் உயிரோடு இருந்தால் தண்ணீர் குண்டு குண்டாக உருண்டு ஓடும். செத்துப்போயிருந்தால் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரருக்கு வேறு பேச்சு கிடையாது. நான் ஒரு துணிக்கடைக்கு பேண்ட்டுகளின் கால்நீளம் குறைத்துத் தைத்துக் கொடுக்கிறேன். நான் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு எந்தக் காரில் தண்ணீர் எப்படி நின்றது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஊர் உலகத்தில் புருஷன்மார்கள் வேறு என்னென்னமோ பேசுகிறார்கள்.

அவருடைய சங்கடம் தொடங்கியது பல வருஷங்களுக்கு முன்னால். கோட்டிங் போட்டுக்கொண்டு போன ஒரு பெரிய மனிதர் இரண்டாவது மாதமே திரும்பி வந்து, பானெட்டில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டி, நாலு பேர் பார்க்க வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருக்கிறார். முதலாளி உள்ளே போன் பேசுகிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு, இவரைக் கேளுங்கள் என்று கை காட்டிவிட்டார். என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு கடையில் இவருடைய கோட்டிங் மட்டும் ஆறு மாதம் நின்றது. மச்சான் போட்டது இரண்டு மாதத்தில் போய்விடும். இவர் போட்டது அசையாது. ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் சொன்னார், கடைசியில் முதலாளியே சொல்ல ஆரம்பித்துவிட்டார், இது கைராசி என்று. ஒரே பாட்டில், ஒரே துணி, ஒரே வேலை. ஆனால் இவர் கை பட்டால் நிற்கிறது, அவன் கை பட்டால் நிற்கவில்லை. பிறகென்ன, வருகிறவர்கள் எல்லாரும் கைராசிக்காரர்தான் போட வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். மச்சான் ஷெட்டின் மறுபக்கத்தில் டயர் தேய்த்துக்கொண்டு ஹாயாக இருந்தான். இவருக்கு நிமிர நேரமில்லை. எனக்கும் அப்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

போன வருஷம் தோள் சுத்தமாகப் பிடித்துக்கொண்டது. தலை சீவ முடியவில்லை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி வழியில் கை நின்றுவிடும், இவர் குனிந்து டம்ளரிடம் போவார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, இனிமேல் மேலே தூக்குகிற வேலை கூடாது, இப்படியே போனால் இந்தக் கை இடுப்புக்கு மேல் எழும்பாது என்று பட்டென்று சொல்லிவிட்டார். இவர் டாக்டரிடம், இப்போது போட்டிருக்கிற ஒரு காரை மட்டும் முடித்துவிடட்டுமா என்று கேட்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மாள் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று வேலையை விட்டாள். நாற்காலி காலி. எனக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வருகிறவர்களிடம் பேச வேண்டும், சாவியை வாங்கி ஆணியில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கையைத் தூக்கவே வேண்டாம். அந்த நாற்காலி கிடைத்தால் இவர் கை பிழைக்கும், கிடைக்காவிட்டால் போகும். அந்த வயதில் வேறு இடத்தில் போய் வேலை கேட்டால் யார் கொடுப்பார்கள்? முதலாளியைக் கேளுங்கள் என்று தலையணை மந்திரம் ஓதி, காலையில் சட்டை மாட்டும்போது மறுபடி ஓதி அனுப்பினேன்.

கேட்டிருக்கிறார். முதலாளி சிரித்திருக்கிறார். கைராசிக்காரனைக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றாராம். வேண்டுமானால் வலிக்கு மருந்து வாங்கித் தருகிறேன் என்றாராம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது, ஆனால் காரியத்தில் கெட்டி.

நானே வந்து பேசுகிறேன் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினேன். இவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. வா, உட்கார், ஒரு விஷயம் சொல்கிறேன் என்றார். அப்புறம் மென்று விழுங்கிச் சொன்னார்.

கைராசியும் இல்லை, கால்ராசியும் இல்லை. அந்தப் பெரிய மனிதர் கத்திவிட்டுப் போனதிலிருந்து, தான் கோட்டிங் போட்ட கார் சாதாரணக் கழுவலுக்கு வரும்போதெல்லாம் இவர் மறுபடி அதைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். காலி பாட்டிலின் அடியில் குழாய் உறிஞ்சாமல் கொஞ்சம் மிச்சம் நிற்குமாம். தூக்கிப்போடுகிற பாட்டில்களிலிருந்து அந்த மிச்சத்தையெல்லாம் ஒரே பாட்டிலில் வடித்து வைத்துக்கொள்வாராம். கழுவி முடித்த ஈரக் காரில் பானெட்டுக்கு ஒரு பீச்சு, டாப்புக்கு ஒரு பீச்சு, பக்கத்துக்கு ஒன்று. மேலே தண்ணீர் அடித்து ஒரு துடைப்பு. யாருக்கும் தெரியாது. இரண்டு மாதத்தில் சாக வேண்டியதை இப்படிச் சாகவிடாமல் வைத்திருந்திருக்கிறார். ஒரு கார் இல்லை, அவர் கை பட்ட அத்தனை காரும்.

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நல்ல மனசு என்று சொல்வார்கள். நல்ல மனசா இது? பயம். ஒருத்தர் கத்தினார் என்பதற்காக ஊர்க் காரையெல்லாம் தோளில் சுமந்திருக்கிறார். வேலைக்கு மேல் வேலை செய்து கைராசி என்று பேர் வாங்கி, அந்தப் பேராலேயே இன்னும் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, இப்போது அந்தப் பேர்தான் நாற்காலிக்குக் குறுக்கே நிற்கிறது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இவர் வண்டி வண்டியாகக் கொட்டிக்கொண்டவர். போய் உண்மையைச் சொல்லுங்கள், சொல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள் என்றேன்.

சொன்னார். முதலாளி நம்பவில்லை. நாற்காலிக்காகக் கதை கட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டார். ராசி இருக்கிறவன் தனக்கு ராசி இருப்பதாக ஒப்புக்கொள்ள மாட்டான், அதுதான் ராசியின் அடையாளம் என்று வேறு மச்சானிடம் விளக்கம் கொடுத்திருக்கிறார். மச்சான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கிறது. இத்தனை வருஷம் அவன் கையைத்தானே ராசியில்லாத கை என்று எல்லாரும் சொன்னார்கள்?

கடைசியில் முதலாளி தன்னுடைய காரையே கொண்டுவந்து நிறுத்தினார். கருநீலக் கார். “இதுல போடு. போட்டுட்டு அப்புறம் ஸ்ப்ரேயத் தொடாத. வாரா வாரம் நீயே கழுவு. ஆறு மாசம் நின்னுச்சுன்னா உன் கைராசிதான், பேசாம ஷெட்டுல இரு. அதுக்கு முன்னால போச்சுன்னா நாற்காலி உனக்கு” என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டு வந்து சொன்னபோது இவருக்கே பாதி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கார் எங்கே நிற்கும் என்று கேட்டேன். வெயிலில்தான், வாசலில் என்றார். அப்பாடா என்றிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் காரே நினைப்பு. வெயில் கொளுத்தினால் சந்தோஷம். மழை பெய்து சேறானால் சந்தோஷம். கடைப் பக்கம் போகும்போது அதன் மேல் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் விரட்டத் தோன்றாது, இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லத் தோன்றும். மனிதர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள், நான் ஒரு பளபளப்பு சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் செத்துச்சா என்று கேட்பேன். இன்னும் இல்லை என்பார். பானெட்டில் குண்டு கொஞ்சம் தட்டையாகியிருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு மிஷின் எனக்குச் சொன்னபடி ஓடியது. அடுத்த வாரம் டாப்பில் தண்ணீர் தயங்குகிறது என்றார். தயங்கட்டும், தயங்கட்டும் என்றேன். அதற்கிடையில் மற்ற கார்களின் வேலை நிற்கவில்லை. தினமும் கை நீட்டல், தினமும் தேய்ப்பு. ராத்திரி புரண்டு படுக்கும்போது அவரையறியாமல் ஒரு முனகல் வரும். இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்வேன்.

இரண்டு மாதம் நெருங்கும்போது ஒருநாள் சாயங்காலம் வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழக்கம்போல் செத்துச்சா என்று கேட்டேன்.

“அடிச்சுட்டேன்” என்றார்.

யாரை என்று பதறிப்போனேன். யாரையும் இல்லை. காரைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார், மனசு எங்கேயோ. சோப்பு போட்டு, தண்ணீர் அடித்து, கடைசிச் சுற்றில் கை தன்பாட்டுக்கு இடுப்பிலிருந்த மிச்ச பாட்டிலை எடுத்திருக்கிறது. பானெட்டுக்கு ஒன்று, டாப்புக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. துடைத்தும் விட்டார். தண்ணீர் குண்டு குண்டாக உருண்டு ஓடுவதைப் பார்த்த பிறகுதான் எந்தக் கார் என்று உறைத்திருக்கிறது. இத்தனை வருஷப் பழக்கம். நான் தைக்க உட்கார்ந்தால் கால் தானாக மிதிக்கிறதே, அந்த மாதிரி.

என் வாயில் வந்ததை எழுதக் கூடாது. கை விளங்காமல் போகப்போகிறது, இந்தக் கையே உங்களுக்குச் சத்துரு என்று கத்தினேன். அவர் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ஆமாம், ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினார். கத்தி முடித்து, களைத்துப்போய் நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொருத்தி என்றால் முதலாளியிடம் சொல்லாதீர்கள், அடுத்த வாரம் போய்விட்டது என்று சொல்லிவிடுங்கள் என்று யோசனை சொல்லியிருப்பாள். நானும் சொன்னேன். ஆனால் ஊற்றிப் பார்ப்பது முதலாளி, தண்ணீர் பொய் சொல்லாது என்றார் இவர். அதுவும் சரிதான்.

மறுநாள் இவரே போய்ச் சொல்லி, பரீட்சை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை கழுவுகிற பொறுப்பு மச்சானுக்கு. பழைய பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, இவர் புதிதாகக் கோட்டிங் போட்டுக் கொடுத்தார், அதோடு சரி. மச்சான் அந்தக் காரைக் கண்ணும் கருத்துமாகக் கழுவினான். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு காரைக் கழுவியதில்லை. முதலாளிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று சோப்பைக்கூட அவர் கண் முன்னால்தான் கலக்குவான். ராசியில்லாத கை என்ற பேர் போக வேண்டும் என்று அவனுக்கு என்னைவிட அவசரம். எனக்கோ இந்தத் தடவை செத்துச்சா என்று கேட்கவும் தெம்பில்லை. இவர் வருவார், நான் நிமிர்ந்து பார்ப்பேன், அவர் இல்லை என்று தலையை ஆட்டுவார், நான் குனிந்துகொள்வேன். அவ்வளவுதான் பேச்சு.

அது செத்த நாள் நான் அங்கே இருந்தேன். மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். முதலாளி குவளையை எடுத்து பானெட்டில் ஊற்றினார். தண்ணீர் அப்படியே படுத்துக்கொண்டது. டாப்பில் ஊற்றினார். அங்கேயும் அப்படித்தான். கதவில் மட்டும் நாலைந்து துளி ஒப்புக்கு உருண்டது. இரண்டு மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. முதலாளி அந்த ஈரத்தை விரலால் தடவிப் பார்த்தார். மச்சான் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

“அப்ப இத்தன வருஷமா ஆறு மாசம் நின்ன காரெல்லாம்?” என்று முதலாளி கேட்டார்.

“நான் தொட்டுக்கிட்டே இருந்தேன் முதலாளி.”

முதலாளி குவளையைக் குழாயடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். சாயங்காலம் கூப்பிட்டு, நாளையிலிருந்து கவுண்டரில் உட்கார் என்றார். இனிமேல் தொடுகிற வேலையெல்லாம் கிடையாது, யார் காரையும் தொடக் கூடாது, காலி பாட்டில் நேராகக் குப்பைக்குப் போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் முதலாளி போர்டை என்ன செய்வார் என்று இவரைக் கேட்டேன். போர்டு அப்படியேதான் இருக்கும் என்றார். எல்லாக் கடையிலும் அப்படித்தானே எழுதியிருக்கிறார்கள், நமக்கென்ன என்றேன். இவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

நாற்காலியில் அவரைப் பார்க்க வேண்டுமே. காய்ந்த சட்டை, காய்ந்த பேண்ட். எப்போது பார்த்தாலும் தண்ணீரில் ஊறி வெள்ளை வெளேரென்று இருக்கும் கால்விரல்கள் ஒரு வாரத்தில் தோல் நிறத்துக்கு வந்துவிட்டன. ஃபேன் காற்றில் தலைமுடி பறந்துகொண்டிருக்கும். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் சாவியை வாங்கி மாட்டுவார். கடவுளே, இப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் சாப்பாட்டுத் தூக்கோடு போயிருந்த ஒருநாள் ஒரு டிரைவர் வந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன், முப்பது வயது இருக்கும். சொந்தமாக முதல் கார் வாங்கியிருக்கிறான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிற காரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினான். கோட்டிங் போட வேண்டும் என்றான். போர்டைப் பார்த்ததாகச் சொன்னான். அப்புறம் மேஜை மேல் சாய்ந்துகொண்டு, “அண்ணே, போர்டு கிடக்கட்டும். நீங்க சொல்லுங்க. தினம் ஓடுற வண்டி, ராத்திரி பகல் வெளியதான் நிக்கும். நெசமா எத்தன நாள் தாங்கும்?” என்று கேட்டான்.

இவர் மேஜையைப் பார்த்தார். உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது, அங்கே முதலாளியின் செருப்பு தெரிந்தது. நான் தூக்கின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஆறு மாசம் நிக்கும் தம்பி” என்றார்.

நீங்கள் சொன்னால் சரி என்று அவன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். எனக்கு மூச்சு வந்தது. நாற்காலி தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு தோள் தேற வேண்டும் இல்லையா? முதலில் தேறியது. தலை சீவிக்கொள்ளும் அளவுக்குக் கை எழும்பியது. பிறகு அவர் வீட்டுக்கு வர நேரமாகத் தொடங்கியது. கேட்டால் கணக்கு முடிக்க வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும் என்பார். சட்டையின் இடது கை விளிம்பு ஈரமாக இருக்கும். குடிக்கும்போது தண்ணீர் சிந்திவிட்டது என்பார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் பொய் சொன்னால் அதைக் கேட்கிறவர்களுக்குத்தான் வெட்கமாக இருக்கும். ஒருநாள் காலையில் சட்டை மாட்டும்போது வழக்கப்படி வலது கையை நுழைத்துவிட்டு இடது கையைப் பிடித்தேன். ஸ் என்று இழுத்துக்கொண்டார். இடது கை.

அன்று சாயங்காலம், வெயில் தாழ்ந்த நேரத்தில், மிஷினை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். முதலாளி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். மச்சானும் இல்லை. கவுண்டரில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, நாற்காலி காலியாக இருந்தது. ஷெட்டில் அந்த டிரைவருடைய கார் ஈரத்தோடு நின்றது. சாதாரணக் கழுவலுக்கு வந்தவன் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். அதன் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டு, வலது கையைத் தொங்கப்போட்டபடி, இடது கையால் டாப்பில் பழையபடி மிச்ச பாட்டிலிலிருந்து ஸ்ப்ரே பீச்சிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அதே இடது கையால் துணியை எடுத்தார். பழக்கமில்லாத கை, துணி ஒரு பக்கம் போனால் இவர் ஒரு பக்கம் போனார்.

என்னைப் பார்த்ததும் இறங்கவில்லை. அசடு வழியவும் இல்லை.

“இந்த நாற்காலிக்காகத்தானே இம்புட்டுப் பாடு பட்டோம்” என்றேன். கத்தாமல்தான் கேட்டேன். “இன்னும் எதுக்குப் பயம்? யாரும் வந்து உங்களப் பாத்துக் கத்தலையே.”

“பயமில்ல” என்றார். “முன்னால போர்டு சொல்லுச்சு. இப்ப நான் சொல்றேன்.”

வாளி ஆடியது. விழுந்துவிடப் போகிறாரே என்று போய் அதைக் காலால் அண்டக் கொடுத்தேன். கிட்டத்தில் பார்க்கும்போது முகமெல்லாம் வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டில் எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

“எத்தன பேருகிட்டதான் சொன்னீங்க?”

“வந்தவங்க எல்லார்கிட்டயும்தான்.”

அவரை இறங்கச் சொன்னேன். துணியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வாளி மேல் ஏறினேன். எந்தப் பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த ஓரத்திலிருந்து ஆரம்பி, ரொம்ப அழுத்தாதே என்றார்.